ஷிப்ட் வேலை, வீடு, சபை: ஓசூருக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு சகோதரருக்குப் பதில்

காவேரிப்பட்டணத்துக்கு அருகில் குடியிருந்துகொண்டு ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வரும் சகோதரர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு வாரந்தோறும் ஷிப்ட் மாறுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அடிக்கடி ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, அழைப்பு வருகிறது. மனைவி கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும், உடல் தளர்ந்த தாயாரும் வீட்டில் இருக்கிறார்கள். இவற்றோடு சபையில் வாலிபர் ஐக்கியப் பொறுப்பும் அவருடையது. “எல்லாவற்றையும் உண்மையாய்ச் செய்ய நினைக்கிறேன், எதையும் முழுமையாய்ச் செய்ய முடியவில்லை. வேலை, குடும்பம், ஜெப வாழ்க்கை, ஊழியம் இவற்றில் எதற்கு முதலிடம் கொடுக்கும்படி வேதம் சொல்கிறது? குடும்பத்தோடு ஓசூருக்கே குடிபோய்விடலாமா?” என்பது அவருடைய கேள்வி.

தேவன் முதலாவது, குடும்பம் இரண்டாவது, வேலை மூன்றாவது என்று ஒரு வரிசையைச் சொல்லி முடித்துவிடுவது பிரசங்கங்களில் வழக்கம். அந்த வரிசை தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும்போது அந்த வரிசை ஒருவருக்கும் உதவுவதில்லை. முதலிடத்தில் இருக்கும் ஜெபத்துக்காக மூன்றாமிடத்து ஷிப்டைத் தவறவிட முடியுமா? முடியாது; தவறவிடுவதும் சரியாகாது. வேதத்தை நிதானமாக வாசித்தால், அது நமக்கு மதிப்பெண் பட்டியல் எதையும் தருவதாகத் தெரியவில்லை. வேலைக்கு ஓர் எல்லையைக் குறித்து, அந்த எல்லையைக் காப்பதே கீழ்ப்படிதல் என்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் வேலையும் தேவனுக்குரியது, அந்தப் பக்கம் இருக்கும் வீடும் தேவனுக்குரியது. என் பதில் முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றியே இருக்கும்.

வேலையைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. மனுஷன் பாவத்தில் விழுவதற்கு முன்பே, ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் தேவன் அவனை அங்கே வைத்தார் என்று ஆதியாகமம் 2:15 சொல்கிறது. ஆகவே உழைப்பு சாபத்தால் வந்ததன்று. சாபத்தால் வந்தது உழைப்பின் வருத்தம். நம்முடைய ஆண்டவர் தச்சனாக அறியப்பட்டவர். பவுல் கூடாரம் பண்ணிப் பிழைத்தவர். அசெம்பிளி லைனில் ஒரு போல்ட்டை ஒழுங்காக முடுக்குவது, ஞாயிறு ஆராதனையில் பாட்டு நடத்துவதைவிடத் தாழ்ந்த செயல் என்று நினைப்பவர்கள் கொலோசெயர் 3-ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசிக்கவேண்டும். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்ற வார்த்தை, அங்கே அடிமை வேலை செய்துகொண்டிருந்த மக்களுக்குச் சொல்லப்பட்டது.

ஆனால் நல்ல வேலையே ஒருவரை விழுங்கிவிடவும் கூடும். இதற்கு யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தைக் காட்டிலும் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. அதிகாரிகளையும் பொறுப்புகளையும் ஏற்படுத்தும் நிர்வாக முறைக்கான பகுதியாகவே நாம் அதைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். அதன் தொடக்கத்தைப் பாருங்கள். மோசே தன் மனைவி சிப்போராளையும் இரண்டு குமாரரையும் மாமனார் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அந்த மாமனார், மீதியான் நாட்டு ஆசாரியரான எத்திரோ, அவர்களைத் தம்மோடு அழைத்துக்கொண்டு வனாந்தரத்தில் இருந்த பாளயத்துக்கு வருகிறார். மோசே எதிர்கொண்டு போய் மாமனாரை வணங்கி முத்தஞ்செய்து, சுகசெய்தி விசாரித்து, கூடாரத்துக்குள் அழைத்துப்போகிறார். கர்த்தர் எகிப்தியருக்குச் செய்ததையெல்லாம் விவரமாகச் சொல்கிறார். மனைவியோடும் பிள்ளைகளோடும் என்ன பேசினார் என்று அந்த அதிகாரத்தில் ஒரு வரியும் இல்லை. பேசாமல் இருந்தார் என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. ஆனால் மறுநாளே காலை தொடங்கிச் சாயங்காலம் மட்டும் மோசே நியாயம் விசாரிக்க உட்கார்ந்துவிட்டார் என்பது எழுதப்பட்டிருக்கிறது. குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்த்த மனிதர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல” என்று அவர் சொன்னது அப்போதுதான்.

மோசே சொன்ன பதில், கேள்வி கேட்ட சகோதரரும் சொல்லக்கூடியதுதான்: ஜனங்கள் தேவனிடத்தில் விசாரிக்க என்னிடம் வருகிறார்கள், நான் எப்படி மறுக்க முடியும்? அது பொய்யான காரணம் ஆகாது. பணத்துக்காகவோ புகழுக்காகவோ அவர் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. தேவன் அழைத்த ஊழியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார். அப்படியிருந்தும் எத்திரோ, நீரும் தொய்ந்துபோவீர், உம்மோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள், இது ஒருவராய்ச் செய்யக்கூடிய காரியமல்ல என்று சொன்னார். மோசே அதைக் கேட்டு அதன்படி செய்தார். நல்ல நோக்கம் இருப்பதாலேயே ஒரு சுமை நியாயமாகிவிடாது என்பதை இங்கே கற்கிறோம். நம் வீடுகளிலும் எத்திரோவின் வார்த்தையைச் சொல்லும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அது மனைவியாகவோ மாமனாராகவோ இருக்கும். அவர்கள் சொல்வதை முணுமுணுப்பு என்று ஒதுக்குவதற்கு முன், மோசே ஒரு புறஜாதி ஆசாரியனின் பேச்சைக் கேட்டு நடந்தார் என்பதை நினைக்கவேண்டும்.

இனி ஓய்வுநாளுக்கு வருவோம். கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டு காரணங்களும் நமக்குத் தேவை. யாத்திராகமம் 20-இல், கர்த்தர் ஆறு நாளில் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது காரணம். உபாகமம் 5-இலோ, நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்பது காரணம். செங்கல் கணக்குக் குறையாமல் நாள்தோறும் வேலை வாங்கப்பட்ட மக்களுக்கு, இனி உன்னை அப்படி வேலை வாங்க ஒருவருக்கும் உரிமை இல்லை, உன்னை நீயே அப்படி வேலை வாங்கவும் உரிமை இல்லை என்று தேவன் சொல்கிறார். குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, அந்நியன் என்று அந்தக் கட்டளை ஒவ்வொருவராய்ப் பெயர் சொல்லி ஓய்வு தருகிறது. மனைவியைத் தனியே சொல்லாதது, அவள் கட்டளையைப் பெறுகிற ‘நீ’ என்பதற்குள் இருப்பதால் என்றே நான் வாசிக்கிறேன்.

அப்படியானால் நம் ஞாயிற்றுக்கிழமையை ஒரு நிமிடம் பார்க்கவேண்டும். வாரம் முழுதும் பள்ளியில் நின்றுகொண்டே பாடம் நடத்திய பெண், ஞாயிறு விடியுமுன் எழுந்து, கறி வாங்கிவரச் சொல்லி, மசாலா அரைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஆராதனைக்கு ஓடி, திரும்பியதும் பிரியாணிக்கு அடுப்பு மூட்டி, மாலையில் ஒரு வாரத் துணியைத் துவைத்து, இரவில் விடைத்தாள் திருத்துகிறாள். வீட்டில் மற்றவர்கள் ஓய்ந்திருக்க அவள் ஒருத்தி உழைத்தால் அந்த வீடு ஓய்வுநாளை ஆசரித்ததாகாது. சனிக்கிழமை சமைத்த குழம்பை ஞாயிறன்று சூடுபண்ணிச் சாப்பிடுவதால் எந்தக் குடும்பத்தின் மதிப்பும் குறையாது. வனாந்தரத்தில் மன்னாவும் ஆறாம் நாளில்தான் இரட்டிப்பாய்ச் சேர்க்கப்பட்டது.

ஞாயிறு ஓ.டி. பற்றிச் சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்வது நல்லது. தெரியாததால்தான் பலர் தயங்குகிறார்கள். நெடுங்காலமாக இந்தியத் தொழிற்சாலைகளுக்கு அடிப்படையாக இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வாரத்துக்கு 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. வாரத்தின் முதல் நாளான ஞாயிறே விடுமுறை என்றும், அன்று வேலை வாங்கினால் அதற்கு முன்போ பின்போ மூன்று நாளுக்குள் மாற்று விடுமுறை தரவேண்டும் என்றும், எப்படிப் பார்த்தாலும் முழுநாள் விடுப்பு இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் விதித்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் வாரத்துக்கு ஆறு நாள் என்ற எல்லையை வைத்திருக்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்கிறது. தொழிலாளியின் சம்மதத்தோடுதான் அந்த வேலையை வாங்கலாம் என்கிறது. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த திருத்த மசோதா 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டதை ஓசூர்க்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எல்லா ஓ.டி.யையும் மறுக்கவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முன்கூட்டியே சூப்பர்வைசரிடம் மரியாதையாகப் பேசி, எந்த ஞாயிறு வரமுடியும், எந்த ஞாயிறு முடியாது என்று சொல்வதற்கு ஒரு கிறிஸ்தவத் தொழிலாளிக்கு இடம் இருக்கிறது. மற்ற நாட்களில் நேரத்துக்கு வந்து நேர்மையாய் உழைப்பவர் சொன்னால் அந்தப் பேச்சு எடுபடும்.

ஞாயிறு ஓய்வு எல்லாருக்கும் ஒரே விதமாக வாய்க்காது என்பதையும் நம் மாவட்டங்களில் இருப்பவர்கள் அறிவோம். தருமபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்களைப் பாருங்கள். புழு ஐந்தாம் பருவத்துக்கு வந்துவிட்டால் அதன் பசிக்குக் கிழமை தெரியாது. மல்பெரித் தழையை வெட்டிக் கொண்டுவந்து தட்டில் பரப்பித் திரும்பிப் பார்ப்பதற்குள் காம்புதான் மிஞ்சியிருக்கும். கூடு கட்டும்வரை அந்த வீட்டில் ஒருவர் மாறி ஒருவர் விழித்திருக்கவேண்டும். பால்மாடு வைத்திருப்பவர்களுக்கும், அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவர்களுக்கும், மாம்பழப் பருவத்தில் இரவு பகலாக ஓடும் கிருஷ்ணகிரிக் கூழ் ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கும் நிலைமை இப்படித்தான். ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த எருதை உடனே தூக்கிவிடமாட்டீர்களா என்று ஆண்டவரே கேட்டிருக்கிறார். இவர்கள் குற்ற உணர்ச்சியோடு வாழவேண்டியதில்லை. ஆனால் கூடு விற்றுவிட்டு வந்த அடுத்த வாரத்தில், அல்லது பருவம் முடிந்த மாதத்தில், எடுக்காத ஓய்வை எடுக்கிறார்களா என்பதுதான் கேள்வி. அவசரம் எருதுக்கு வரலாம். ஒவ்வொரு வாரமும் எருது கிணற்றில் விழுந்துகொண்டிருந்தால் கிணற்றுக்குச் சுவர் கட்டவேண்டும்.

அந்தச் சுவர் பெரும்பாலான வீடுகளில் கடன் கணக்கில் தொடங்கவேண்டும் என்று நினைக்கிறேன். இதைப் பற்றி நம் பிரசங்க மேடைகளில் பேச்சே இல்லை. ஞாயிறு ஓ.டி.க்குப் போகிறவர்களிடம் மனம்விட்டுப் பேசினால், பேராசை அரிதாகத்தான் தெரிகிறது. வண்டித் தவணை, குழுக் கடன், நகை அடகு, சீட்டு, பாதியில் நிற்கும் மாடி வீடு இவைதான் தெரிகின்றன. கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22:7 சொல்வது, ஷிப்ட் அட்டவணையிலேயே தெரிகிறது. ஆகவே கணவனும் மனைவியும் ஒரு மாலை ஒன்றாக உட்கார்ந்து, மாதத்துக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு எதற்குப் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதவேண்டும். ஓ.டி. பணம் இல்லாமல் குடும்பம் நடக்குமா, நடக்காதென்றால் எந்தத் தவணை எப்போது முடியும், அது முடியும்வரை மாதத்துக்கு எத்தனை ஓ.டி. போதும் என்பதைத் தீர்மானிக்கவேண்டும். முடிவுத் தேதி குறிக்கப்பட்ட ஓ.டி. ஒரு பொறுப்பு, தேதி இல்லாத ஓ.டி. ஒரு பழக்கம் ஆகிவிடும். 127-ஆம் சங்கீதம் வீடு கட்டுகிறவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே, அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா என்று சொல்லி, அடுத்த வசனத்திலேயே பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம் என்கிறது. மாடிக்கு ஞாயிறு ஓ.டி. பணம் போட்டுக்கொண்டே பிள்ளைகளை ஞாயிறும் பார்க்காமல் இருப்பவர் அந்த மூன்று வசனங்களையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

வீட்டுக்குத் தரும் நேரத்தை மணிக்கணக்கில் திட்டமிடுவதைவிட ஷிப்ட் கணக்கில் திட்டமிடுவது பலன் தரும். முதல் ஷிப்ட் வாரத்தில் இருட்டோடு கிளம்பினாலும் மாலைக்குள் வீடு வந்துவிடலாம். பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் குடும்ப ஜெபமும் அந்த வாரத்துக்கு உரியவை. இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் திரும்பும்போது நள்ளிரவாகிவிடும், பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். ஆனால் காலை முழுவதும் உங்களுடையது. அவர்களை எழுப்பி, சாப்பிட வைத்து, பள்ளி வேன் வரும்வரை கூட இருப்பதை அப்பாவின் வேலையாக்கிக்கொள்ளலாம். அந்த வாரத்தில் குடும்ப ஜெபம் காலையில், சீருடை போட்டபடி, ஒரு பாட்டும் ஒரு சங்கீதமுமாக முடிந்தாலும் போதும். நைட் ஷிப்ட் வாரத்தில் பிள்ளைகளிடம் அதிகம் எதிர்பார்க்கவேண்டாம், அவர்களும் உங்களிடம் எதிர்பார்க்காதபடி முன்பே சொல்லிவிடலாம். மூன்று வாரத்துக்கும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டால், ‘அப்பா எப்போதும் இல்லை’ என்ற பிள்ளைகளின் எண்ணம் ‘அப்பா இந்த வாரம் காலையில் இருப்பார்’ என்று மாறும். வீட்டில் இருக்கும் அந்த நேரத்தில் கம்பெனி வாட்ஸ்அப் குழுவைத் திறக்காமல் இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மனைவியும் சம்பாதிக்கும் வீட்டில் கணவன் வீட்டு வேலையில் ‘உதவி’ செய்வதாக நினைத்தால் அது போதாது. கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்தது போல மனைவியில் அன்புகூருங்கள் என்ற எபேசியர் 5:25 திருமண ஆராதனையில் மட்டும் வாசிப்பதற்கு எழுதப்படவில்லை. நம் பக்கத்தில் இரவுக்கு ராகிக் களி கிண்டும் வீடுகள் இன்னும் உண்டு. கொதிக்கும் பானையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மாவு கட்டி தட்டாதபடி துடுப்பால் அழுத்திக் கிண்டுவதற்குத் தோள் வலு வேண்டும். அதை ஆண் செய்தால் என்ன குறை? உபாகமம் 24:5, புதிதாய் மணமானவன் ஒரு வருஷம் யுத்தத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தவேண்டும் என்கிறது. ஒரு தேசத்தின் பாதுகாப்பைக்கூட ஒரு பெண்ணின் மகிழ்ச்சிக்காகக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்ன நியாயப்பிரமாணம் அது.

தனிப்பட்ட ஜெப வாழ்க்கையைப் பற்றிக் கேட்டதற்கு, முதலில் தூக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர், ஜெபத்தில் கண் அயர்ந்துபோவதை ஆவிக்குரிய பின்மாற்றம் என்று எண்ணி வருந்தவேண்டாம். ஜன்னலை மூடி, போனை வேறு அறையில் வைத்து, நன்றாகத் தூங்கி எழுந்து ஜெபிக்கலாம். ஓசூர் வரையிலான பஸ் பயணமும் வீணான நேரம் ஆகாது. ஒரு சங்கீதத்தை மனப்பாடம் செய்ய அது ஏற்ற நேரம். ஆனால் அங்கேயும் கண் மூடிக்கொண்டால் தூங்கிவிடுங்கள்.

சபைப் பொறுப்பைப் பற்றி நான் சொல்வது சிலருக்குக் கடினமாகத் தோன்றலாம். வீட்டுக்கூட்டம், முழு இரவு ஜெபம், பாட்டுப் பயிற்சி, வாலிபர் கூட்டம், மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி என்று, விருப்பமுள்ள ஒருவர் அகப்பட்டால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிடுவது நம் சபைகளில் நடக்கிறது. பெற்றோருக்குச் செய்யவேண்டியதைக் கொர்பான் என்று தேவாலயத்துக்கு நேர்ந்துவிட்டவர்களை ஆண்டவர் மாற்கு 7-இல் எவ்வளவு கடுமையாய்க் கண்டித்தார்! வீட்டுக்கு உரிய மாலைகளை எடுத்து ஊழியத்துக்குக் கொடுப்பதும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் கேட்கிறார். எனவே, சகோதரரே, வாலிபர் பொறுப்பை ஒரு வருஷத்துக்காவது இன்னொருவரிடம் ஒப்படையுங்கள்; அல்லது இரண்டு மூன்று பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். எத்திரோ பத்துப் பேருக்கு ஒருவர் என்றுகூடப் பிரிக்கச் சொன்னார். போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உறுப்பினர்களில் பாதிப்பேர் ஷிப்ட் வேலைக்காரர்களாக இருக்கும் சபை, ஞாயிறு காலை ஆராதனையை மட்டும் வைத்துக்கொண்டு வராதவர்களைக் குறைசொல்வது நியாயமாகாது. சனி மாலையிலோ ஞாயிறு மாலையிலோ இன்னொரு ஆராதனை வைக்கவேண்டும்.

கடைசியாக, ஓசூருக்குக் குடிபோவது பற்றி. கிருஷ்ணகிரியிலிருந்தே ஓசூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். உங்கள் ஊரிலிருந்து இன்னும் தூரம். போகவர நாளுக்கு மூன்று மணி நேரம் குறையாமல் சாலையில் கழிகிறது. குடிபெயர்ந்தால் அந்த நேரம் வீட்டுக்குக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் ஓசூர் வாடகையும் முன்பணமும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்து ஓ.டி.யைக் கூட்டிவிட்டால், மிச்சமான நேரம் மறுபடியும் கம்பெனிக்கே போய்விடும். மனைவி வேலையை விடவேண்டியிருக்கும், அல்லது எதிர்த்திசையில் அவர் பயணம் செய்யவேண்டியிருக்கும். தாயார் பழகிய தெருவையும் சபையையும் உறவினரையும் விட்டு ஒரு வாடகை அறைக்குள் இருக்க முடியுமா என்பதும் இருக்கிறது. தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்ற 1 தீமோத்தேயு 5:8, விதவைத் தாய்மாரைப் பராமரிப்பது பற்றிய பேச்சின் நடுவில்தான் வருகிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் சூளகிரிப் பக்கம் வாடகை விசாரித்துப் பார்க்கலாம். அங்கிருந்து உங்கள் பயணம் பாதியாகக் குறையும், கிருஷ்ணகிரிக்குப் போகும் மனைவியின் பயணம் இப்போதையதைவிடக் கூடும், தாயாரும் ஊருக்கு அவ்வப்போது போய்வரலாம். மேலே சொன்ன நோட்டில் மூன்று கணக்கையும், இப்போது இருப்பது, சூளகிரி, ஓசூர் என்று, பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தாயாரையும் உட்காரவைத்துப் பேசி, ஜெபித்து முடிவெடுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் முடிவு தெரிந்தால்தான் பிள்ளைகளுக்கு இடமும் மனைவிக்கு அங்கே ஒரு பள்ளியில் வேலையும் தேட முடியும். ஆகவே பேச்சைப் பொங்கல் விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.